சண்டைக்கு வளர்த்த நாயை வீட்டுக்குக் கூட்டி வந்தால்: முதல் சில வாரங்கள்

செவலை என்னிடம் வந்து 14 மாதம் ஆகிறது. சண்டைக்காகச் சங்கிலியில் கட்டி வளர்த்த இடத்தில் பிடிபட்ட நாய்களில் ஒருத்தி, காப்பகம் வழியாக வந்தாள். தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்லி நீட்டப்போவதில்லை.

மீட்பது உங்கள் வேலை இல்லை

நாய்ச் சண்டை நடக்கும் இடம் தெரிந்தால் நீங்களே போய் வேலி ஏறிக் குதிக்காதீர்கள். அங்கே பந்தயப் பணம் புழங்கும், பணம் இருக்கும் இடத்தில் கத்தியும் இருக்கும். இடம், நேரம், பார்த்தது எல்லாவற்றையும் குறித்துக் காவல்துறையிடம் கொடுங்கள். நாய் கைக்கு வந்ததும், உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், மருந்து போடுவதற்கு முன் ஒவ்வொரு காயத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். காயம் ஆறிவிடும், வழக்கில் அந்தப் படம்தான் பேசும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒன்று

காயங்கள் முகம், கழுத்து, முன்னங்கால்களில்தான் அதிகம் இருக்கும். வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிவது உள்ளே பெரிய சீழ்ப்பையாக இருக்கலாம், அதனால் முடியை மழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பெபீசியா. பொதுவாக உண்ணி மூலம் பரவும் ரத்த ஒட்டுண்ணி இது. ஆனால் பெபீசியா கிப்சோனி என்ற வகை, நாய்க்கு நாய் கடிப்பதாலேயே பரவும். செவலைக்கு ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்றார்கள், மூன்று வாரத்தில் ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துப் போனது. கிருமி குறைவாக இருந்தால் அப்படித் தப்பிவிடும். பிசிஆர் சோதனையை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.

பாவம் பார்த்துச் சோறு போடாதீர்கள்

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குத் தட்டு நிறைய வைக்கத்தான் கை போகும். ஆனால் நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிரே போகலாம். ஓய்வில் இருக்கும் நாய்க்கு என்ன தேவை என்று கணக்குப் போட ஒரு குறுக்கு வழி: கிலோவில் எடை × எடை × எடை என்று பெருக்கி, கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, 70 ஆல் பெருக்குங்கள். 15 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 530 கலோரி வரும். முதல் நாள் அதில் கால் பங்கு போதும், அதையும் நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து. பிறகு சில நாட்களில் மெதுவாக ஏற்றலாம், எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பது

சண்டை நாய் என்றால் சீறிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். செவலை தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டாள், இரண்டு நாள் எழவே இல்லை. அமெரிக்காவில் 2007இல், நாய்ச் சண்டை நடத்திய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் மைக்கேல் விக்கின் இடத்திலிருந்து சண்டைக்கு வளர்த்த சுமார் 50 நாய்கள் மீட்கப்பட்டபோதும் இதே கதைதான். அதுவரை இப்படிப்பட்ட நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதுதான் வழக்கம், அந்த முறை ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தார்கள். பல நாய்கள் பயத்தில் உறைந்துதான் கிடந்தன. கடிக்கும் குணத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று.

எனவே அமைதியான ஓர் அறை, மேலே துணி போர்த்திய கூண்டு, விருந்தாளிகள் வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். தீனியை உங்கள் பக்கம் போட்டு இழுக்காதீர்கள், நாய்க்குப் பின்னால் வீசுங்கள். விலகிப் போனாலும் தீனி கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அது தானாக வரும்.

நான் சறுக்கிய இடம்

ஒன்பதாம் நாள். செவலை வாலாட்டினாள். சரி, பழகிவிட்டாள் என்று கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் பழைய நாயைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வால் ஆடியதைப் பார்த்த நான், அது விறைத்து மேலே நின்றபடி ஆடியதையும், வாய் இறுக மூடியிருந்ததையும், உடம்பு அசையாமல் நின்றதையும் பார்க்கவில்லை. குரைப்பும் இல்லை உறுமலும் இல்லை, கம்பி இடுக்கு வழியாகக் காதைக் கவ்விவிட்டாள். நான் செய்த அடுத்த முட்டாள்தனம், பதறிப்போய் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. கவ்விய வாயிலிருந்து இழுத்தால் கிழியும். காது கிழிந்தது. பிடி தளரும் வரை இருவரையும் அசையாமல் பிடித்திருந்து, தளர்ந்த பிறகே பிரித்திருக்க வேண்டும்.

இப்போது நான் செய்யச் சொல்வது: முதல் சில வாரம் இரண்டு நாய்களுக்கும் நடுவே எப்போதும் இரண்டு மூடிய கதவுகள். ஒன்று வெளியே உலாவினால் மற்றது உள்ளே. அதன்பிறகு, இரண்டு பேர், இரண்டு லீஷ் (நாயைப் பிடித்து நடக்கும் வார்), திறந்தவெளி. ஒரே திசையில், செவலை மற்ற நாயைப் பார்த்துவிட்டுத் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவு தூரத்தில் நடந்தோம். எங்களுக்கு அது 40 அடி. நேருக்கு நேர் ஒருபோதும் வேண்டாம். முறைத்துப் பார்த்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், திட்டாமல் விலகுங்கள். நாற்பதடி பத்தடியாகக் குறைய ஐந்து மாதம் ஆனது.

சில நாய்கள் கடைசி வரை இன்னொரு நாயோடு சேராது. ஒற்றை நாயாக வளர்க்கும் வீட்டைத் தேடுங்கள், அது தோல்வி இல்லை.

சாமான்கள்

மஸில், அதாவது கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் மூடி, வாங்கினால் கூடை போன்றதுதான். துணியில் வருவதை வாங்காதீர்கள், வாய் திறந்து இளைக்க முடியாத நாய் சூட்டில் சுருண்டுவிடும். முதலில் கூடைக்குள் தீனி வைத்து அதுவே மூக்கை நுழைக்கட்டும், வாரை மாட்டுவது அடுத்த வாரம். மின்சாரக் காலர், முள் காலர் பக்கமே போகாதீர்கள்: இன்னொரு நாயைப் பார்த்தால் வலிக்கும் என்பதை அது ஏற்கெனவே கற்றுத்தான் வந்திருக்கிறது.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இரண்டு பேர், மஸிலைத் தரையில் தேய்த்தே கழற்றிவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நெற்றி வழியாகப் போகும் வார் உள்ளதை வாங்கி, அதைக் காலரோடு கோத்துவிடுங்கள். இன்னொருவர் சண்டை போட்ட நாய்களைப் பிரிக்கப் போய்த் தானே கடி வாங்கியிருக்கிறார். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள், உங்கள் வீட்டு நாயாகவே இருந்தாலும்.

செவலையும் பழைய நாயும் ஒரே அறையில் இருப்பதில்லை. ஒரே வழியில், பத்தடி இடைவெளியில் தினமும் காலையில் நடக்கிறார்கள்.