தோழியோடு ஐரோப்பா கோச் டூர்: கிளம்பும் முன் பேசி முடிக்க வேண்டியவை

எந்தக் கம்பெனியில் போனாய், எவ்வளவு ஆயிற்று என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். யாரோடு போகப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாரிசில் கோச்சில், அதாவது டூர் பஸ்ஸில், ஏறி ரோமில் இறங்கும் டூரில் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், வெனிஸ், ஃபிளாரன்ஸ் எல்லாவற்றையும் எந்தக் கம்பெனிக்காரரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் காட்டுவார். பகலெல்லாம் பக்கத்து சீட், ராத்திரி ஒரே அறை, காலை டிபனுக்கு ஒரே மேசை. வீட்டில் கோபம் வந்தால் அடுக்களைக்குள் போய்விடலாம். கோச்சில் எங்கே போவது?

நானும் கோமதியும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள், வாடி போடி என்று பேசிக்கொள்கிறவர்கள். அப்படிப்பட்ட எங்களுக்கே முன்கூட்டிப் பேச வேண்டியது நிறைய இருந்தது. நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டூர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து அவரவர் கட்டுங்கள், பில்லும் தனித்தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு டூருக்குப் பணம் கட்டும்போது கம்பெனி டிசிஎஸ் என்று ஒரு வரியைப் பிடிக்கும். அது யார் பான் எண்ணில் ஏறுகிறதோ அவர்தான் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்ப வாங்கவோ முடியும். ஒருத்தி இரண்டு பேருக்கும் கட்டி, மற்றவள் ஜிபேயில் அனுப்பிவைத்தால் அப்புறம் இதைப் பிரிப்பது பெரிய தலைவலி. இன்னொன்று: விலை என்று போட்டிருப்பது இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கு. கடைசி நேரத்தில் ஒருத்தி வர முடியாமல் போனால் மற்றவள் தனி அறைக்குக் கூடுதலாகக் கட்ட நேரும். அதை யார் ஏற்பது? கேட்கவே கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள். டிப்ஸ், இத்தாலி ஹோட்டல்களில் தலைக்கு வாங்கும் நகர வரி, 'ஆப்ஷனல்' என்று சின்ன எழுத்தில் இருப்பவை எல்லாம் விலைக்குள் வருமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சில்லறைச் செலவுக்கு ஒரு பொது பர்ஸ். ஆளுக்கு 50 யூரோ போட்டு, காப்பி, தண்ணீர், டாய்லெட் எல்லாம் அதிலிருந்து கொடுத்தோம். தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. கோமதிக்கு முதலில் இது கஞ்சத்தனமாகப் பட்டது. பிரஸ்ஸல்ஸ் தாண்டுவதற்குள் பர்ஸை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பேப்பர்களைக் கம்பெனியே கேட்டு வாங்கிவிடும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசாவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். திரும்பி வரும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். கைரேகை கொடுக்க இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் அலைச்சல் மிச்சம். முடிவு மட்டும் தனித்தனியாகத்தான் வரும்.

இனி அறை. இரண்டு கட்டில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் பெரிய கட்டில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். சொன்னாலும் சில ஹோட்டல்களில் இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டு, ஆளுக்கொரு கனத்த போர்வை மடித்து வைத்திருப்பார்கள், நகர்த்திக்கொள்ளலாம். குறட்டை விஷயத்தை நேராகப் பேசுங்கள். கோமதி விடுவாள். நான் காதில் அடைக்கிற பஞ்சுக் குமிழ் கொண்டுபோனேன், விவகாரம் அதோடு முடிந்தது.

குளியலறைதான் நம்மவர்களுக்குச் சங்கடம். அங்கே தரையில் தண்ணீர் போகும் ஓட்டை பெரும்பாலும் இருக்காது. தொட்டிக்குள் நின்று, திரையின் நுனியைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளிக்க வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் மிதியடியை நனைத்து, வாசற்படி தாண்டி, அறையில் விரித்திருக்கும் கார்ப்பெட்டுக்குப் போய்விடும். ஹோட்டல்காரர் பில் நீட்டுவார். ஒரு சின்ன மக் எடுத்துப்போங்கள். யார் ராத்திரி குளிப்பது, யார் காலையில் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். டூர் மேனேஜர்கள் 'ஆறு, ஏழு, எட்டு' என்பார்கள்: ஆறு மணிக்கு எழுப்பும் போன், ஏழு மணிக்கு டிபன், எட்டு மணிக்கு வண்டி. இடையில் சூட்கேசையும் கட்ட வேண்டும். இரண்டு பேரும் காலையில் குளித்தால் டிபன் போய்விடும்.

எட்டு மணி என்றால் எட்டு மணிதான். அதன் காரணம் தெரிந்தால் யாரும் டூர் மேனேஜரைத் திட்ட மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி டிரைவர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ராத்திரி ஓய்வுக்கும் மணிக்கணக்கு உண்டு. எல்லாவற்றையும் டாக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது, போலீஸ் வழியில் நிறுத்தி அதைப் பார்க்கலாம். ரைன் அருவியில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் வாங்கப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தது. எங்கள் டிரைவர் போலந்துக்காரர், சத்தமே போடவில்லை. டேஷ்போர்டில் இருந்த அந்தச் சின்னத் திரையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அன்று சாயங்காலம் லூசெர்ன் மரப்பாலத்தைப் பார்க்க இறங்கவில்லை, நேராக ஹோட்டல்தான்.

இறங்குகிற இடத்திலெல்லாம் உங்கள் கோச்சின் நம்பர் பலகையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பீசாவில் ஊருக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் வெள்ளைக் கோச்சுகள் வரிசையாக நிற்கும். எது நம்முடையது என்று டிரைவர் முகத்தை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.

சீட்டுகளை நல்ல மேனேஜர் தினமும் முன்னும் பின்னுமாக மாற்றுவார். ஜன்னலோரத்தை நீங்கள் இருவரும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் வளைவுகளில் குமட்டும் ஆளாக இருந்தால் டாக்டரைக் கேட்டு மாத்திரை வைத்துக்கொண்டு, முன்வரிசையைக் கேட்டு வாங்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெல்ட் கட்டாயம்.

கோச்சில் டாய்லெட் இருந்தாலும் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள். நெடுஞ்சாலை நிறுத்தங்களில் காசு போட்டால்தான் கதவு திறக்கும். ஜெர்மனியில் பல இடங்களில் ஒரு யூரோ போட்டால் ஒரு கூப்பன் வரும். கசக்கி எறியாதீர்கள், அங்கேயே கடையில் காப்பி விலையில் கழிப்பார்கள். பொது பர்ஸில் சில்லறை வேண்டும் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் இறங்கினால் பெண்கள் வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி முதலில் டாய்லெட்டுக்கு, மற்றவள் காப்பி வரிசைக்கு, அப்புறம் மாற்றிக்கொள்வது. கோச் டூருக்கு இரண்டு பேராகப் போவதில் எனக்குத் தெரிந்த முதல் லாபம் இதுதான்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், ராத்திரி சப்பாத்தி, பருப்பு கிடைக்கும். ஜூனில் பாரிசில் சூரியன் மறையவே பத்து மணி ஆகும்; ஏழு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது வேடிக்கையாக இருக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் பெரிய பெட்டியில் போகட்டும். பால்கோவாவும் நெய்யும் வேண்டாம்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பண்டங்கள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. எல்லா ஹோட்டலிலும் கெட்டில் இருக்காது, ஒன்று கொண்டுபோங்கள். சுவிட்சர்லாந்தில் பிளக் துளை வேறு மாதிரி. ஜெர்மனிக்கென்று வாங்கிய உருண்டை அடாப்டர் அங்கே நுழையாது. மெலிந்த இரண்டு முள் அடாப்டர் இரண்டு இடத்திலும் பொருந்தும்.

ஓய்வாக விடும் நேரத்தில் தனித்தனியே போங்கள். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. ஃபிளாரன்ஸில் கோமதி தோல் பை பார்க்கப் போனாள். நான் பழைய அரண்மனை வாசலில், டேவிட் சிலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். அங்கே நிற்பது 1910-ல் வைத்த பிரதி. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய அசலை 1873-லேயே அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவள் இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் நான் பை பார்த்திருப்பேன். ஆனால் சந்திக்கும் இடம் ஒன்று வேண்டும், மேனேஜர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக. ஒருத்தியின் பாஸ்போர்ட்டை மற்றவள் வைத்துக்கொள்ளும் வழக்கம் கூடாது.

சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் யுங்ஃபிராயோக் போன்ற இடத்தில் மட்டும் பிரியாதீர்கள். 3,454 மீட்டர் உயரம், கீழிருந்து சீக்கிரமே மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தலை கனக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

மீந்த சுவிஸ் பிராங்க் நாணயங்களை ஊரில் மாற்றுவது கஷ்டம். எல்லை தாண்டும் முன் சாக்லேட்டாக்கிவிடுங்கள். கடையில் வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கேட்பதாக இருந்தால் பில்லும் தனித்தனிதான், ஏனென்றால் படிவம் ஒரே பாஸ்போர்ட்டின் பேரில்தான் வரும். பிரான்சில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் சுங்க முத்திரை வாங்குவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில், அதாவது ரோமில். பொருளைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே பெட்டியை விமானத்தில் போடும் முன் சுங்கக் கவுன்டருக்குப் போங்கள். வரிசையில் ஒருத்தி நிற்கட்டும், மற்றவள் பெட்டிகளோடு உட்கார்ந்து பொது பர்ஸை எண்ணிப் பிரித்துவிடலாம்.