வடசென்னைப் பள்ளிக்கு எழுத்தாளராகப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

இளையோர் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. படிக்க வேண்டியவர் எட்டாம் வகுப்பில் இருக்கிறார். காசு கொடுக்க வேண்டியவர் அவருடைய அம்மாவோ அப்பாவோ. இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் தமிழ் டீச்சர். நாமோ விளம்பரம் முழுவதையும் ஃபேஸ்புக்கில் செய்கிறோம். அங்கே ‘வாழ்த்துகள் தோழர்’ போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சக எழுத்தாளர்கள். பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் வெளியீடு, நாலு படம், பிப்ரவரியோடு எல்லாம் ஓய்ந்துவிடும். தண்டையார்பேட்டைப் பிள்ளை நந்தனம் வரை வரப்போவதில்லை, நாம்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்கள் எங்கெங்கே சொதப்புகிறார்கள் என்பதை இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் தேதி. பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு என்பது எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு வருவதை மறந்துவிடுகிறார்கள். நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்று ஆசையாகக் கேட்பார்கள், ஆனால் அது மழைக்காலத்தின் நடுப்பகுதி. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பாதிப் பேர் வர முடியாது. காலையில் கலெக்டர் லீவு விட்டால் யாருமே வர மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்ததே, அந்த மாதிரி மாதத்தில் நாவல் பேசப் போக முடியுமா? ஜூலையும் ஆகஸ்டும் நல்ல மாதங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வரவு இருக்காது. அது முடிகிற சமயத்தில்தான் பள்ளி திறந்து பை, நோட்டு, செருப்பு என்று செலவு வந்து நிற்கும். அந்த ஜூனில் போய் 200 ரூபாய் புத்தகத்தை வாங்கச் சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அனுமதி விஷயத்தில் ‘ஹெச்.எம். நமக்குத் தெரிந்தவர்தான்’ என்பது போதாது. 2024 ஆகஸ்ட் கடைசியில் அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் நடத்திய ஆன்மிகச் சொற்பொழிவு செப்டம்பரில் பெரிய சர்ச்சையான பிறகு, வெளியாட்களை உள்ளே விடுவதில் கெடுபிடி கூடிவிட்டது. அது நியாயமும்கூட. நீங்கள் யார், எந்த வகுப்புக்கு, என்ன பேசப் போகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, புத்தகத்தின் ஒரு பிரதியோடு முன்கூட்டியே கொடுங்கள். மாநகராட்சிப் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. மேலிடமும் வேறு வேறு. எது என்று கேட்டுக்கொண்டு கடிதம் எழுதுங்கள். எந்தப் பள்ளியானாலும் வகுப்பறையில் விற்பனை வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது ஒன்று இருக்கிறது. மைக்கைப் பிடித்ததும், “இன்னா நைனா, சோக்காகீறீங்களா?” என்று ஆரம்பிப்பது. பிள்ளைகள் ஒரு தடவை சிரிப்பார்கள். அடுத்த நிமிடமே கடைசி பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சினிமாவில் கேட்ட பாஷையை அவர்களிடமே பேசிக் காட்டுகிறார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். வீட்டில் அப்படிப் பேசுகிற பிள்ளைகூடப் பள்ளிக்கு வந்த விருந்தாளியிடம் அப்படிப் பேசாது. நீங்கள் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், போதும். இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு தவறு, “உங்க ஏரியாவுல ரவுடிங்க ஜாஸ்தியாமே?” என்று கேட்பது. விலாசத்தைப் பார்த்ததும் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அக்காவும் அண்ணனும் வீட்டில் புலம்புவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது?

நல்லெண்ணத்தோடு செய்வதும் சில சமயம் இதே ரகம்தான். கேரம், பாக்ஸிங், கால்பந்து என்று பத்து நிமிடம் புகழ்ந்து தள்ளுவார்கள். வியாசர்பாடியின் கால்பந்து பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பந்து உதைப்பவர் நாலு பேர் இருக்கலாம். மீதிப் பேர்? பெரம்பூர் ரயில்வே குடும்பத்துப் பிள்ளையின் நாளும் காசிமேட்டுப் பிள்ளையின் நாளும் ஒன்றல்ல. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசிவிட்டுத் தமிழில் படிக்க வருகிறவர்களும் உண்டு. “நீங்க ஏன் பேய்க்கதை எழுதல?” என்று ஒரு பெண் கேட்டாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் தெருவைப் பற்றித்தான் அவள் படிக்க ஆசைப்படுவாள் என்று நாம் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

காலை அசெம்பிளியில் பேசச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் எழுநூறு பேரிடம் கதை பேச முடியாது. பக்கத்தில் கன்டெய்னர் லாரி வேறு ஹாரன் அடித்துக்கொண்டு போகும். இரண்டு செக்‌ஷன், ஒரு பீரியட், முடிந்தால் நூலக அறை என்று கேளுங்கள். வரவேற்புரை, சால்வை, உங்களைப் பற்றிய அறிமுகம் என்று பாதி பீரியட் போய்விடும் என்பதால் சால்வையை ஆபீஸ் ரூமிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்று முன்னாடியே பேசி வையுங்கள். இதில் யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அப்புறம், சொந்த நாவலை இருபது நிமிடம் வாசிக்கிற வேலை வேண்டாம். ஒரே பக்கம். அதுவும் கதையில் வம்பு ஆரம்பிக்கிற இடத்தில் மூடிவிடுங்கள்.

“யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றால் அமைதிதான் வரும், இல்லையென்றால் டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்வி வரும். பேர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லி, டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வெளியே வரும். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்ற சீட்டு நிச்சயம் இருக்கும். மழுப்பாதீர்கள். தமிழில் ராயல்டி பொதுவாக 10 சதவீதம், 200 ரூபாய் புத்தகம் ஒன்று விற்றால் 20 ரூபாய் என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வகுப்பே ‘ஐயோ’ என்று சத்தம் போடும். அதற்குப் பிறகு உங்களிடம் தாராளமாகப் பேசுவார்கள்.

அதே கணக்கு உங்களுக்கும் பொருந்தும். பெரிய தனியார் பள்ளிகள் கூப்பிட்டால் ஆட்டோ காசுகூடக் கேட்காமல் போய்விட்டு வருவது பெருந்தன்மை ஆகாது. போக்குவரத்துச் செலவையும், நூலகத்துக்குச் சில பிரதிகள் வாங்குவார்களா என்பதையும் முன்பே கேளுங்கள். நாவல் பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டு மாறுவேடப் போட்டிக்கு நடுவராக உட்கார வைக்கிற இடங்களும் உண்டு, உஷார்.

கையெழுத்து நேரத்தில் ‘புத்தகம் வாங்கினவங்க மட்டும்’ என்று சொல்லிவிடாதீர்கள். வரிசையில் நிற்கிற பலர் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத்தான் நீட்டுவார்கள். சிலர் பரீட்சை அட்டையை நீட்டுவார்கள். கேட்டு, பெயரைச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுக்கவும் வேண்டாம், அவர்கள் இன்ஸ்டா ஐடியை வாங்கவும் வேண்டாம். கடிதம் எழுத விரும்பினால் டீச்சர் வழியாக வரட்டும். யூனிஃபார்ம், பேட்ஜ், முகம் எல்லாம் தெரிகிற போட்டோவை அனுமதி இல்லாமல் போடுவது கூடவே கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்திலிருந்து எடுத்ததைப் போடுங்கள்.

கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கும், அங்கேயும் பேசலாம். ஆனால் மாலை ஆறு மணிக்கு வைத்தால் பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள், பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். கூட்டத்தில் ரிட்டயர்டு ஆனவர்கள் மட்டும் இருப்பார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் கதை வேறு.

கிளம்பும்போது நூலகத்துக்கென்று இரண்டு பிரதிகளை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வருவது வழக்கம். அங்கிருந்து அது ரெஜிஸ்டரில் ஏறி, பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடும். பீரோ சாவி எந்த டீச்சரிடம் இருக்கிறது என்று விசாரித்து அவர் கையில் ஒன்றைக் கொடுங்கள். இன்னொன்றை, கேள்விச் சீட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளையிடம், படித்துவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும் என்று டீச்சர் முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.