பழைய டீசல் பிக்கப்பில் கடகட சத்தம்: தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கிருந்தோ கடகடவென்று சத்தம் வரும், பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் வராது, மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலும் வராது, வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி ஆரம்பிக்கும். நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவன். என் வண்டியில் கேபினுக்குப் பின்பக்கம் இப்படி ஒரு சத்தம் வந்தபோது முதலில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன், அப்புறம் பட்டை ஸ்பிரிங்கின் புஷ் எல்லாம் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது.

நான் செய்த தவறு, சத்தம் எங்கே வருகிறது என்று தேடியது. எப்போது வருகிறது என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பிக்கப்பில் சேஸ் என்பது முன்னாலிருந்து பின்வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டம், முன்னால் தட்டினால் பின்னால் கேட்கும். காதை மட்டும் நம்பிப் பொருளைக் கழற்ற ஆரம்பித்தால் பணம்தான் போகும்.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் அது இஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், சைலன்சர் பக்கம். வரவில்லையென்றால் காலி ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் ஓட்டிக் கேளுங்கள், அதே 40-ல் நாலாவது கியருக்கு மாற்றிக் கேளுங்கள். சத்தத்தின் தாளம் மாறினால் இஞ்சினோடு சேர்ந்த ஏதோ ஒன்று. மாறாமல் அதே தாளத்தில் வந்தால் சக்கரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), பிரேக் பக்கம். தாளமே இல்லாமல் பள்ளத்தில் மட்டும் வந்தால் ஸ்பிரிங், பாடி, ஸ்டெப்னி. என் வண்டியில் நின்ற இடத்திலேயே 1500 ஆர்.பி.எம். தொடும்போது சத்தம் வந்தது, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நின்றுபோனது. இதை முதல் நாளே பார்த்திருந்தால் ஷாக் அப்சார்பரைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்த தவறு, கண்ணால் பார்த்து "எல்லாம் டைட்டாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவது. சைலன்சர் குழாய்க்கு மேலே சூடு தடுக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். என் வண்டியில் அந்தத் தகட்டின் போல்ட் நான்கும் இருந்தன, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் போல்ட் தலைக்கு அடியில் தகடு துருப்பிடித்து ஓட்டை பெரிதாகிவிட்டது, போல்ட் தன் இடத்தில் இருக்கிறது, தகடு அதைச் சுற்றி ஆடுகிறது. சைலன்சர் ஆறிக் குளிர்ந்த பிறகு கையை மடக்கி ஒரு தட்டு தட்டினேன், அதே கடகட. பெரிய வாஷர் நாலு போட்டு முறுக்கியதில் முடிந்தது வேலை. சைலன்சரையும் அதேபோல் தட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு விட்டுப்போயிருந்தால் கிலுகிலுப்பை மாதிரி உள்ளேயே ஆடும், அதற்கு சைலன்சரை மாற்றுவதுதான் வழி. பேட்டரி கிளாம்ப், சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி தொங்கும் செயின், பின் டோர் கொக்கி, இவற்றையும் கையால் பிடித்து ஆட்டித்தான் பார்க்க வேண்டும்.

வண்டியைக் காலியாக மட்டுமே ஓட்டிப் பார்ப்பதும் சரியில்லை. காலியாக இருக்கும்போது ஸ்பிரிங் பட்டைகள் எகிறும், ஸ்பிரிங்கின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்திருந்தால் அப்போதுதான் நன்றாகத் தட்டும், லோடு ஏற்றினால் அமுங்கி அமைதியாகிவிடும். சைலன்சர் குழாய் எங்காவது இடிக்கிறது என்றால் பெரும்பாலும் லோடோடுதான் தெரியும்.

கிளட்ச் மிதியை யாரும் கவனிப்பதில்லை, அதுவே நல்ல சோதனை. ஐடிலிங்கில் கியர் பாக்ஸ் பக்கம் கரகரவென்று இருந்து, மிதியை அழுத்தினால் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங்கையோ, கிளட்ச் பிளேட்டில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளையோ சந்தேகப்படலாம். அழுத்தும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். பிரேக்கை லேசாகத் தொட்டதும் ரோட்டுச் சத்தம் நின்றால் பிரேக் பேடும் அதன் கிளிப்பும். வண்டி கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'டக்' என்று ஒரே ஒரு தட்டு கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் இணைப்பு. சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால் இத்தனைக்கும் முன்னால் வீல் நட்டைப் பாருங்கள், லூஸான நட்டோடு ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட விட்டுக் கேட்பது பழைய முறை. சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று தேடலாம். ஆனால் பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், பெல்ட் சுற்றாவிட்டால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துக் கேட்கலாம், நல்ல முறைதான், ஆனால் தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடும் ஃபேன் பக்கம் குனியாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் போக வேண்டும். இன்னொன்று, இஞ்செக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்கும் பழக்கம். பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சினில் அனுபவம் உள்ளவர்கள் செய்தார்கள். எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இஞ்சினில் அதைச் செய்யவே கூடாது, அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும், பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னப் புள்ளி மாதிரி காயம் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

காலையில் குளிர்ந்த இஞ்சின் கொஞ்சம் அதிகமாகத் தட்டுவது டீசலின் இயல்பு. உள்ளே சூடு குறைவு, டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகும், சேர்ந்த டீசல் மொத்தமாகப் பற்றும்போது அந்தத் தட்டல் வருகிறது. சூடானதும் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் மேடு ஏறும்போது, இழுவையில், ஆழமாக 'தொம் தொம்' என்று அடித்தாலோ, கூடவே ஆயில் விளக்கு எரிந்தாலோ அங்கேயே இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கலாம், இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும்.

ஸ்பிரிங் வேலை செய்து, பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட் மாற்றியிருந்தால் அன்றைக்கு முறுக்கியதோடு விட வேண்டாம், புதுப் போல்ட் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடு இருக்கும்போதே மறுபடி ஒரு தடவை முறுக்கிவிடுங்கள்.