பனிக்கு முன்னாடி கேரவன்ல தண்ணிய இறக்குனது

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேரவன கந்தப்பளையில நிப்பாட்டியிருக்கேன், ஜனவரி பெப்ரவரில நுவரெலியா பக்கம் விடியகாலையில தேயிலை கொழுந்தே கருகுற அளவுக்கு பனி விழும்ல, உள்ள தண்ணி தங்குனா உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருத்து பைப்ப ஒடச்சிரும். அதான் டேங்க காலி பண்ணி, ஹீட்டர் நல்லா ஆறுனப்புறம் அடி மூடிய கழட்டி விட்டு, எல்லா டெப்பையும் தொறந்து வச்சி பம்ப கொஞ்ச நேரம் ஓட்டுனேன். அப்பவும் பம்புக்கு முன்னால இருக்குற ஃபில்டர் கிண்ணத்துல தண்ணி நின்னுச்சு, திருகி கழட்டுனா அடியில துருவும் பாசியும், உறைஞ்சா அந்த கிண்ணம் ஒடஞ்சிருமோன்னுதான் எனக்கு பயம், சின்ன பிளாஸ்டிக் தானே. கராஜ் பாஸ் பைப்புல உறையாம இருக்க ரேடியேட்டர் கூலன்ட ஊத்த சொன்னாரு, ஊத்திறாதீங்க, பெரும்பாலும் அது எத்திலீன் கிளைகால், விஷம். சிங்குக்கு அடியில தண்ணி தங்குற வளைவு பைப்புக்கு மட்டும், உறையாம இருக்க, விஷம் ரொம்ப கம்மியான புரோப்பிலீன் கிளைகால் ஊத்துனேன். நம்ம ஊரு குளிருக்கு லைன் பூரா ஊத்துறது வீண் சல்லி, தண்ணி வடிஞ்சா போதும்.