வட்டார வலைப்பந்தாட்ட லீக் தொடங்குவது எப்படி? விசிலிலிருந்து ஆரம்பியுங்கள்

வட்டார அளவில் வலைப்பந்தாட்டத்தை (நெட்பால்) வளர்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கோப்பை. அடுத்தது பேனர். பந்தும் கம்பமும் பிறகு வரும். நடுவர் யார் என்ற கேள்வியோ, முதல் ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் எழும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் நடுவர் கிடைக்கவில்லை; இரு அணிகளின் பயிற்றுநர்களே விசிலை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது கால் பகுதியில் ஒருவர் ஊதியதை மறுத்து மற்றவர் ஊதினார். அன்றைய ஆட்டம் அதோடு சரி. அந்த இரண்டு அணிகளையும் மறுபடி ஒரே மைதானத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு பருவம் பிடித்தது. அதனால்தான் இந்த விளக்கத்தில் நடுவர்களுக்கு அதிக இடம், கோப்பைக்கு ஒரு வரிகூட இல்லை.

படி 1: எல்லோரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்களா என்று பாருங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், பெண்களுக்கான கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த விளையாட்டு இது. 1901இல் அங்கே விதிகள் அச்சாகிவிட்டாலும், கடல் தாண்டிப் போன இடங்களில் ஆளுக்கொரு விதமாகத்தான் ஆடினார்கள். நியூசிலாந்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர்கூட இருந்தார்கள். 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி, சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்து, விதிகளை ஒன்றாக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. விதி ஒன்றாகும்வரை உலகப் போட்டி என்ற பேச்சுக்கே வழியில்லாமல் இருந்தது.

உங்கள் வட்டாரத்திலும் இதே கதை சிறிய அளவில் நடந்துகொண்டிருக்கும். ஒரு பள்ளியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட விடுவார்கள். இன்னொன்றில் எல்லாரும் கோல் போடலாம். ஆகவே முதல் வேலை, எல்லா அணிகளின் பொறுப்பாளர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்து அடிப்படைகளை உரக்கப் படிப்பது.

ஓர் அணிக்கு ஏழு பேர். கோல் ஷூட்டர், கோல் அட்டாக், விங் அட்டாக், சென்டர், விங் டிஃபென்ஸ், கோல் டிஃபென்ஸ், கோல் கீப்பர். மார்பிலும் முதுகிலும் அவரவர் இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்க வேண்டும். எழுத்து சொல்லும் பகுதிகளைத் தாண்டி அவர் போகக் கூடாது. கோல் போடக்கூடியவர்கள் கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டும். அதுவும் கோல் வட்டத்துக்குள் நின்று. பந்தைப் பிடித்தவர் மூன்று வினாடிக்குள் அதைக் கைவிட வேண்டும். பந்தோடு ஓட முடியாது, இதுதான் காலடி விதி: முதலில் தரையில் பதிந்த காலை உயர்த்தலாம், ஆனால் பந்து கையை விட்டுப் போகும்முன் அது மீண்டும் தரையைத் தொடக் கூடாது. தடுப்பவர் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மைதானத்தின் மூன்று பாகங்களில் ஒன்றை முழுமையாகத் தாண்டிப் பந்தை எறியக் கூடாது. இடையில் யாராவது தொட்டாக வேண்டும். கோலுக்குப் பிறகு யார் போட்டார்கள் என்று பார்க்காமல், ஆட்டத்தை நடுவிலிருந்து மறுபடி தொடங்கும் சென்டர் பாஸ் இரு அணிகளுக்கும் மாறி மாறிப் போகும்.

இந்தக் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலடி விதியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், கவலைப்படாதீர்கள்.

படி 2: மைதானங்களைக் கணக்கெடுங்கள்

அணிகளின் பட்டியலுக்கு முன்னால் மைதானங்களின் பட்டியல் வேண்டும். வரைபடத்தை எடுத்து, பந்தாடக்கூடிய கெட்டியான, சமமான தளங்களை எல்லாம் குறியுங்கள். எந்த இடத்துக்கு எல்லா அணிகளும் அதிகச் சிரமமில்லாமல் வர முடிகிறதோ அதுதான் உங்கள் மைய மைதானம். ஓர் அணி மற்ற அணியின் ஊருக்கே போய் ஆடும் முறை காகிதத்தில் அழகாக இருக்கும். தொடக்கத்தில் பயணச் செலவிலேயே அணிகள் உதிர்ந்துவிடும்.

கூடைப்பந்தாட்ட மைதானம் கிடைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது 28 மீட்டருக்கு 15 மீட்டர், நமக்கு 30.5 மீட்டருக்கு 15.25 மீட்டர் தேவை. வளையத்தின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர்தான் என்பதால் பலர் அதே கூடையில் ஆடவைத்துவிடுகிறார்கள். ஆனால் கூடைப்பந்து வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், நம்முடையது 38 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் இருக்கும் பலகை. பலகையில் அடித்து உள்ளே விழவைக்கப் பழகிய பெண், வெறும் கம்பத்தின் முன் வந்து நின்றதும் திணறிப்போவாள். ஒரு ஜோடி கம்பமாவது சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரருக்கு இது பெரிய வேலை இல்லை. கம்பத்துக்கும் வளையத்துக்கும் இடையில் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ஒட்டி வைத்துவிடுவார்.

படி 3: கோடு போடுங்கள்

நான்கு மூலைகளையும் ஆணியடித்துக் குறித்த பிறகு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 34.1 மீட்டர் வந்தால் மூலைகள் நேராக இருக்கின்றன. நீளத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பாகம் 10.17 மீட்டர் வரும். கோல் கோட்டின் நடுவில் ஒரு முனையைப் பிடித்து 4.9 மீட்டர் கயிற்றைச் சுழற்றினால் கோல் வட்டம் கிடைக்கும். பெயர்தான் வட்டம், உண்மையில் அரைவட்டம். நடுவில் 0.9 மீட்டர் விட்டத்தில் ஒரு சிறு வட்டம். கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மைதானத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மீட்டர் வெற்றிடம் விடுங்கள். நடுவர் ஓடுவது அந்த இடத்தில்தான், அங்கே நாற்காலி போட்டு விருந்தினரை உட்காரவைக்காதீர்கள்.

படி 4: நடுவர்களை உருவாக்குங்கள்

ஆட வரும் பெண்களுக்கு எங்குமே பஞ்சமில்லை. பஞ்சம் விசிலுக்குத்தான். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் வேண்டும். மைதானத்தின் பாதி ஒருவருக்கு, மறுபாதி மற்றவருக்கு. எட்டு அணிகள் கொண்ட லீக்கை நடத்த, குறைந்தது எட்டுப் பேர் விசில் ஊதத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களை எங்கே பிடிப்பது?

இங்கே ஒரு விதியைக் கல்லில் பொறித்துவிடுங்கள்: நடுவர் ஒருவரின் பெயர் இல்லாத அணியின் பதிவுப் படிவம் ஏற்கப்படாது. எவ்வளவு திறமையான அணியாக இருந்தாலும் சரி, நண்பரின் அணியாக இருந்தாலும் சரி. முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு தங்கள் அணியின் பழைய கோல் டிஃபென்ஸ் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆடி ஓய்ந்தவர்கள்தான் மிகச் சிறந்த நடுவர்கள். உடல் எங்கே மோதும், எந்தத் தள்ளல் தற்செயல், எது வேண்டுமென்றே என்பது அவர்கள் தோலுக்கே தெரியும்.

பயிற்சியில் எல்லாரும் செய்யும் தவறு, விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது. மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். நான் பின்பற்றும் முறை இது. முதல் வாரம் பத்து நிமிட ஆட்டம் ஒன்றை ஆடவிட்டு, புதிய நடுவரிடம் மூன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன்: காலடி, மூன்று வினாடி, தனக்குரிய பகுதியைத் தாண்டுதல். மூன்றுக்கும் கண்ணும் மனக்கணக்கும் போதும், விவாதத்துக்கு இடமில்லை. இரண்டாம் வாரம் 0.9 மீட்டர் தூரம் சேரும். உடல் மோதலை மூன்றாம் வாரம்தான் கொடுப்பேன், ஏனென்றால் அதில் தீர்ப்பு வேண்டியிருக்கிறது; யாருடைய இடத்துக்குள் யார் வந்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தவறுக்கு உள்ளான அணிக்கே ஆட்டம் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தால் ஊதாமல் விடும் கலை கடைசியில். அது சிலருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் கைவரும். தொடக்கத்தில் நிறைய ஊதட்டும், பரவாயில்லை.

புதியவரை எப்போதும் அனுபவமுள்ள ஒருவரோடு ஜோடியாக அனுப்புங்கள். இருவரும் அணிகளின் நிறத்தில் இல்லாத சட்டை அணிய வேண்டும். விளிம்பில் நின்று பயிற்றுநர்கள் கத்தினால், அன்றே, அந்த இடத்திலேயே எச்சரியுங்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி முதன்முறை விசில் ஊதும்போது நாற்பது வயதுக்காரர் கத்தினால், அவள் அடுத்த வாரம் வர மாட்டாள். ஒரு பருவத்தில் நீங்கள் இழக்கும் நடுவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள், விதி தெரியாததால் போகிறவர் குறைவு. கைப்படி கொடுங்கள், சிறிய தொகையானாலும் ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுங்கள்.

ஸ்கோர் எழுத இருவர். இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர், ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில். கோலை எழுதுவதைவிட அடுத்த சென்டர் பாஸ் யாருக்கு என்று குறிப்பதுதான் அவர்களின் முக்கிய வேலை. சண்டை வருவது அங்கேதான்.

படி 5: அட்டவணை போடுங்கள்

எட்டு அணிகள் ஒன்றோடு ஒன்று ஒரு முறை மோதினால் 28 ஆட்டங்கள், ஏழு வாரங்கள், வாரத்துக்கு நான்கு ஆட்டங்கள். முதல் வாரம் 1-8, 2-7, 3-6, 4-5 என்று எழுதுங்கள். அடுத்த வாரம் 1ஐ அசைக்காமல், மற்ற ஏழு எண்களையும் ஓர் இடம் சுற்றி நகர்த்துங்கள். இப்படியே ஏழு முறை. ஏழு அணிகள்தான் என்றால், எட்டுக்கு எதிரே வரும் அணிக்கு அந்த வாரம் ஓய்வு.

முழு ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். தொடக்க லீக்குக்குப் பத்து நிமிடங்களே போதும். நாற்பது நிமிட ஆட்டம், இடைவேளைகள் எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மைதானங்கள் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நான்கு ஆட்டங்களும் முடிந்துவிடும். இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் மணியில் நான்கு அணிகள் ஆடுகின்றன, நான்கு அணிகள் சும்மா இருக்கின்றன. இரண்டு மைதானங்களுக்கும் தேவை நான்கு நடுவர்கள். சும்மா இருக்கும் ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர். இரண்டாம் மணியில் அப்படியே தலைகீழ். பதிவுப் படிவத்தில் அந்தப் பெயரைக் கேட்டது இதற்காகத்தான்.

வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பது உங்கள் விருப்பம். சமநிலையைப் பிரிக்கும் முறையை மட்டும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். வலைப்பந்தாட்டத்தில் வழக்கமானது கோல் விகிதம்: போட்ட கோல்களை விட்ட கோல்களால் வகுப்பது. 200 போட்டு 160 விட்ட அணிக்கு 1.25, 150 போட்டு 110 விட்ட அணிக்கு 1.36. இரண்டுக்கும் வித்தியாசம் நாற்பதுதான், ஆனால் இரண்டாவது அணி மேலே போகும். கடைசி வாரத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆள் குறைந்தால் என்ன என்பதும் முதலிலேயே தெரிந்திருக்கட்டும். ஐந்து பேர் இருந்தால் ஆடலாம். அதில் ஒருவர் சென்டராக இருக்க வேண்டும்.

படி 6: சிறியவர்களுக்கு வேறு ஆட்டம்

பத்து வயதுச் சிறுமியை 3.05 மீட்டர் வளையத்தின் கீழ் நிறுத்தி பெரியவர்களுக்கான ஐந்தாம் எண் அளவுப் பந்தைக் கொடுத்தால், அரை மணி நேரம் ஸ்கோர் பூஜ்யத்திலேயே நிற்கும். கம்பத்தைத் தாழ்த்துங்கள். சிறார் ஆட்டங்களில் பல நாடுகள் 2.4 மீட்டரிலிருந்து 2.74 மீட்டர் வரை வைக்கின்றன. பந்து அதைவிடச் சிறிய நான்காம் எண். ஒவ்வொரு கால் பகுதியிலும் எழுத்துகளை மாற்றிக் கொடுங்கள். உயரமான குழந்தையைக் கோல் கீப்பர் என்று பத்து வயதில் முத்திரை குத்திவிட்டால், பதினைந்தில் மற்றவர்களும் அவளளவு வளர்ந்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. வட்டார அணித் தேர்விலும் இதே பிழையைப் பார்க்கிறேன்: ஒரே நாளில் வரிசையில் நிறுத்தி உயரம் பார்த்துப் பிடிப்பது. ஏழு வாரமும் லீக் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தால் அந்தத் தேர்வு நாளே தேவைப்படாது.

இறங்குவதைக் கற்றுக்கொடுங்கள். ஓடிக் குதித்துப் பந்தைப் பிடித்து சட்டென்று நிற்க வேண்டிய ஆட்டம் என்பதால் முழங்காலும் கணுக்காலும்தான் முதலில் போகும். இரண்டு காலில், முழங்காலை மடக்கி, மெத்தென்று இறங்கும் பயிற்சி ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம். ஆட்டத்துக்கு முன் நகத்தையும் நகையையும் நடுவர் சோதிக்கட்டும்.

படி 7: குழுவும் பணமும்

தலைவர், செயலாளர், பொருளாளர் போதும். நான்காவதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் நடுவர்களுக்கு மட்டும் பொறுப்பானவராக இருக்கட்டும். வங்கிக் கணக்கு லீக்கின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பெரியவரின் பின்னணியையும் விசாரித்த பிறகே சேருங்கள். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

பருவம் முடிந்ததும் இன்னும் நான்கு அணிகள் சேர வேண்டும் என்று வந்து நிற்கும். உடனே தலையாட்டாமல் நடுவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தொடங்கியபோது எட்டுப் பெயர். இப்போது பன்னிரண்டு இருந்தால் நான்கு அணிகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதுதான் இருக்கிறதென்றால், விசில் பயிற்சி அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது என்று அந்த நால்வருக்கும் சொல்லி அனுப்புங்கள்.