ஹாலோவீன் பூசணியும் நீர்த்துப்போன புளிக்குழம்பும்

நியூஜெர்சிக்கு வந்த முதல் அக்டோபரில், ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்க மகளுக்குப் பெரிய பூசணி வாங்கினோம். கண், மூக்கு என்று அவள் வெட்டியெடுத்த துண்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் புளிக்குழம்பில் போட்டேன். பத்தே நிமிஷம், நார் நாராகப் பிரிந்து குழம்பு ரசமாகிவிட்டது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகமாம், சதையெல்லாம் தண்ணீர்.

மிச்சத் துண்டுகளை ஓவனில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் சுட்டேன். ஓரம் லேசாகக் கருகி, ஈரம் வற்றியது. மசித்து, துணியில் பிழிந்து, வெல்லமும் நெய்யும் விட்டு அல்வாவாகக் கிளறினேன். தப்பித்தது.

இப்போது குழம்புக்கு 'பை பம்ப்கின்' என்கிற சின்னக் காய்தான். பெரியதில் விதையை மட்டும் எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி வறுக்கிறேன். (வாசலில் நாலு நாள் உட்கார்ந்த முகத்தை மட்டும் சமைத்துவிடாதீர்கள்!)