வெளி டாம்கேட்டில் ஸ்பிரிங் பூட்: சத்தம் காட்டாத தவறுகள்

ஜாவா மொழிக் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் எழுதப்பட்ட இணையச் செயலி, தன்னை ஓட்டும் டாம்கேட் சர்வரைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு, எல்லாம் அடங்கிய ஒரே ஜார் கோப்பாக ஓடக்கூடியது. ஆனாலும், நிர்வாகக் குழுவின் பொறுப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட்டில்தான் எதையும் ஏற்ற வேண்டும் என்ற விதி உள்ள அலுவலகங்கள் இன்னும் உண்டு. ஜாரை, வெளி டாம்கேட்டில் ஏற்றுவதற்கான வார் கோப்பாக மாற்றுவது சிறு வேலைதான். அதன் பிறகு நேரும் தவறுகளில் பல, பிழைச்செய்தி எதையும் காட்டாமல் நடப்பவை என்பதே தொல்லை.

முதல் தவறு, பதிப்புப் பொருத்தத்தைப் பார்க்காமல் ஏற்றுவது. நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா தரநிலைத் தொகுப்பான ஜாவா இஇ, எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்கு மாறி ஜகார்த்தா இஇ எனப் பெயர் பெற்ற பிறகு, 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9இல், 'ஜாவாஎக்ஸ்' எனத் தொடங்கிய அதன் பேக்கேஜ் (நிரல் தொகுதி) பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பட்டன. டாம்கேட் 9 பழைய பெயரை மட்டுமே அறியும். டாம்கேட் 10 முதல் புதிய பெயர்தான். 2022 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் பூட் 3 புதிய பெயருக்கு மாறிவிட்டது. அதில் கட்டிய வார் கோப்பை டாம்கேட் 9இல் போட்டால், ஏற்றுதல் இத்தனை மில்லிவினாடியில் முடிந்தது என்று லாக் (சர்வரின் பதிவேடு) நிம்மதியாகச் சொல்லும். உலாவியிலோ 'பக்கம் இல்லை' என்னும் 404 வரும். செயலியைத் தொடங்கி வைக்கும் கிளாஸை டாம்கேட் 9 பழைய பெயரில் தேடுகிறது, கிடைக்காததால் அதைப் பிழையாகக் கருதாமல் கடந்துவிடுகிறது. லாக்கில் ஸ்பிரிங்கின் பெரிய எழுத்துச் சின்னம் வரவில்லையென்றால் செயலி தொடங்கவே இல்லை என்று பொருள். கோரிக்கைகளைக் கையாளும் கன்ட்ரோலர் நிரலைத் துருவிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நானும் ஒரு பிற்பகல் முழுவதையும் அப்படித்தான் தொலைத்தேன். பழைய செயலியை டாம்கேட் 10இல் ஓட்டுவதற்கு மாற்றுக் கருவி உண்டு. 

இதே 404 வேறொரு காரணத்தாலும் வரும். வெளி டாம்கேட், நிரல் தொடங்கும் இடமான உங்கள் மெயின் மெத்தடை அழைப்பதில்லை. ஆகவே செயலியைத் தொடங்கி வைக்க, ஸ்பிரிங் பூட் சர்வ்லெட் இனிஷியலைசர் என்ற கிளாஸை நீட்டித்த ஒரு கிளாஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதியவர்களும் தவறவிடுவது ஒன்று உண்டு: நேர மண்டலத்தை மெயினுக்குள் இந்திய நேரமாக அமைத்திருந்தால், அந்த வரி இனி ஓடாது. சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால், அறிக்கையில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும்போதுதான் இது தெரியவரும்.

போர்ட் எண்ணையும் முகவரிப் பாதையையும் செயலியின் அமைப்புகள் உள்ள பிராப்பர்ட்டீஸ் கோப்பில் மாற்றிவிட்டுக் காத்திருப்பதும் வீண். போர்ட் டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. வெப்ஆப்ஸ் கோப்புறையில் போட்ட வார் கோப்பின் பெயரே முகவரிப் பாதையாகிறது, கடை.வார் என்று போட்டால் எல்லா முகவரிகளும் '/கடை' என்று தொடங்கும், 'ரூட்' என்ற பெயருக்கு மட்டும் முன்னொட்டு இராது. பக்கங்களில் '/உள்நுழை' என்று இணைப்பை நேரடியாக எழுதியிருந்தால், அது செயலியைத் தாண்டி டாம்கேட்டின் வேருக்குப் போய்விடும்.

பயனர் பதிவேற்றும் கோப்புகளை, விரிக்கப்பட்ட வார் கோப்புறைக்குள்ளேயே சேமிப்பதை மன்னிக்கவே முடியாது என்பேன். புதிய வார் கோப்பை வைத்ததும் டாம்கேட் பழைய கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாக விரிக்கும். சேர்ந்த படங்களும் ரசீதுகளும் அதோடு போகும். சேமிப்பிடம் டாம்கேட்டுக்கு வெளியே, தனிப் பாதையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, டாம்கேட்டை நிறுத்தாமலே மீண்டும் மீண்டும் ஏற்றும் பழக்கம். செயலி தொடங்கிய த்ரெட் (இணையாக ஓடும் பணி) ஒன்று நிற்காமல் இருந்தாலே போதும், பழைய பிரதியின் கிளாஸ்களை ஏற்றிய கிளாஸ்லோடர் நினைவகத்தை விட்டு அகலாது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு பிரதி தங்கி, முடிவில் கிளாஸ் விவரங்கள் தங்கும் நினைவகப் பகுதியான மெட்டாஸ்பேஸ் நிரம்பி, அதே சர்வரில் இருக்கும் பிறர் செயலிகளும் சேர்ந்து விழும். இந்தத் த்ரெட் நிறுத்தப்படவில்லை, நினைவகக் கசிவு நேரலாம் என்று டாம்கேட் அந்தத் த்ரெட்டின் பெயரைச் சொல்லி எச்சரிக்கிறது. டாம்கேட்டின் கேட்டலினா லாக்கில் அந்த வரியைத் தேடிப் பார்த்து, பீன் (ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருள்) அழிக்கப்படும்போது அந்தத் த்ரெட்டை நிறுத்தும்படி நிரலைத் திருத்துங்கள். அதுவரை ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கச் சொல்லி நிர்வாகக் குழுவிடம் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.